கூப்பிட்டால் கோமளா பேசுவார்

நவம்பர் 6, புதன்

ஜனவரியில் ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி இது. பத்து மாதமாக ஒரு எழுத்தும் இல்லாமல் கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம் நிலோஃபர். பாலக்கரையில் வீட்டிலிருந்தபடியே சின்னக் கடைகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிற பெண். முப்பது வயது இருக்கலாம். கடையைச் சுற்றிப் பார்த்தார், கட்டில்களைப் படம் எடுத்தார், பிறகு, "முகப்புப் பக்கத்துல வர்ற வாசகத்தை நீங்கதான் சார் எழுதணும்" என்றார்.

"நானா? எனக்கு டெலிவரி சலான் எழுதத்தான்மா தெரியும்."

"உங்க கடையைப் பத்தி எனக்கு என்ன சார் தெரியும்? தினம் பத்து வரி எழுதுங்க. என்ன நடந்துச்சோ அதை எழுதுங்க. கை பழகிடும்."

எழுதுகிறேன். என் பெயர் தாமோதரன். வயது ஐம்பத்திரண்டு. திருச்சி புத்தூரில் கே.டி. சர்ஜிகல்ஸ் என்று கடை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நோயாளிகளுக்குக் கட்டில், வீல் சேர், வாக்கர், ஆக்ஸிஜன் மெஷின் எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறோம். 'கே' என்றால் கோமளா, 'டி' என்றால் நான். கேடி என்று சேர்த்துப் படித்துச் சிரிக்கிறவர்கள் உண்டு. நிலோஃபரும் சிரித்தார்.

கோமளா என் மனைவி. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இப்போது திண்டுக்கல்லில் அக்கா வீட்டில் இருக்கிறாள். அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன், துணைக்குப் போயிருக்கிறாள். செப்டம்பர் கடைசியில் போனது. அக்கா நடக்கத் தொடங்கியதும் வந்துவிடுவாள்.

பத்து வரிக்கு மேலேயே ஆகிவிட்டது.

நவம்பர் 7, வியாழன்

காலையில் தென்னூரிலிருந்து ஒரு கட்டில் திரும்பி வந்தது. டெட்டால் போட்டுத் துடைத்து வெயிலில் வைத்தேன். கைப்பிடிச் சக்கரம் இறுகிக் கிடந்தது, எண்ணெய் விட்டேன். சாதம் குழைந்துவிட்டது.

மதியம் உட்கார்ந்து எழுதியது:

'கே.டி. சர்ஜிகல்ஸ் தங்களை அன்புடன் வரவேற்கிறது. கடந்த பதினைந்து ஆண்டுகளாக மருத்துவ உபகரணத் துறையில் தனி முத்திரை பதித்து வரும் எங்கள் நிறுவனம், தரம், நேரம், நேர்மை ஆகியவற்றைத் தாரக மந்திரமாகக் கொண்டு செயல்படுகிறது. வாடிக்கையாளர்களின் திருப்தியே எங்கள் வெற்றி.'

எனக்கே பெருமையாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 9, சனி

நிலோஃபர் கூப்பிட்டார்.

"சார், ஒண்ணு செய்யுங்க. நீங்க எழுதினதுல கே.டி. சர்ஜிகல்ஸ்ங்கறதை எடுத்துட்டு, உங்க தெருவுல இருக்கிற டயர் கடை பேரைப் போட்டுப் படிச்சுப் பாருங்க."

போட்டுப் படித்தேன். மருத்துவத்தை எடுத்துவிட்டால் கச்சிதமாகப் பொருந்தியது. சலூன் பெயரும் பொருந்தியது.

"இதை யார் சார் படிக்கப் போறாங்க? யோசிச்சுப் பாருங்க. நாளைக்கு டிஸ்சார்ஜ்னு டாக்டர் சொல்லிட்டுப் போயிட்டார். பொண்ணு வராண்டாவுல நிக்குது. ஒரு கையில ஃபைல், ஒரு கையில போன். அது முத்திரையையும் மந்திரத்தையுமா தேடும்? முதல் வரியைப் பார்த்ததுமே, நம்ம கஷ்டம் இவங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னு அதுக்குத் தோணணும்."

"அதை எப்படிம்மா எழுதறது?"

"எழுத வேணாம் சார். கேட்டு வாங்கலாம். உங்ககிட்ட வாடகைக்கு எடுத்தவங்க நாலஞ்சு பேருக்குப் போன் போடுங்க. ஏன் எங்ககிட்ட வந்தீங்க, எது பிடிச்சிருந்ததுன்னு கேளுங்க. அவங்க சொல்றதை அவங்க வார்த்தையிலேயே எழுதி வைங்க."

வாடிக்கையாளருக்குப் போன் போட்டு அட்ரஸ் தவிர வேறு எதையும் நான் கேட்டதில்லை. போன் எல்லாம் கோமளாதான் பார்ப்பாள். நான் வண்டி.

நவம்பர் 10, ஞாயிறு

துணி துவைத்தேன். மழை வந்து எல்லாம் நனைந்தது. திரும்பத் துவைக்கவில்லை.

நவம்பர் 12, செவ்வாய்

முதல் போன் பால்பண்ணையில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கும் அந்தோணிசாமிக்கு. அவர் மனைவிக்கு ஒரு பக்கம் கைகால் விழுந்து, ஒரு வருஷமாக நம் வீல் சேர்தான்.

"வீல் சேரைத் திருப்பிக் கேக்கறீங்களா அண்ணே?" என்றுதான் எடுத்ததும் கேட்டார். இல்லை, சும்மாதான் என்று சொல்லிக் கேள்வியைக் கேட்டேன். யோசிக்கவே இல்லை.

"உங்க வீட்டம்மாதான். சாயங்காலம் நாலு மணி ஆச்சுன்னா போன் வந்துரும். இன்னிக்கு எந்த விரல் அசைஞ்சுதுன்னு கேப்பாங்க. என்கிட்ட இல்ல, என் சம்சாரத்துகிட்ட. அதுக்குப் பேச்சு குழறும். நாங்களே பாதி புரியலன்னு விட்டுருவோம். அவங்க முழுசாக் கேப்பாங்க. நாலு மணிக்குப் பவுடர் எல்லாம் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும் அது, போனுக்கு!" என்று சிரித்தார். பிறகு, "அவங்க நல்லா இருக்காங்களா? இப்ப ஒண்ணரை மாசமா போன் இல்லையே" என்றார்.

ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

நாலு மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். பெரும்பாலும் ரோட்டில்தான்.

நவம்பர் 13, புதன்

துவாக்குடி செல்லக்கிளிக்குப் போன் போட்டேன். அவர் கணவர் வெல்டர், சாரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர். அவரும் கோமளாவைத்தான் சொன்னார். ஏர் பெட்டில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்ட வேண்டும், எல்லாம் போனிலேயே சொல்லிக் கொடுத்தாளாம். "ஒரு நாள் நான் அழுதுட்டேன் சார். அக்கா அப்படியே லைன்லயே இருந்தாங்க. போனை வெக்கச் சொல்லல. 'அழு புள்ள, நான் இருக்கேன்'னாங்க."

வேறொன்றும் சொன்னார். அதை எழுதிக்கொள்ளவில்லை. முகப்புப் பக்கத்துக்கு உதவாது.

நவம்பர் 14, வியாழன்

உதவாதுதான். இருந்தாலும் நிலோஃபர் நடந்ததை எழுதச் சொல்லியிருக்கிறார். செல்லக்கிளி சொன்னது இது: "அக்காவும் மனசு விட்டுப் பேசுவாங்க. 'எங்க வீட்டுல ரெண்டு பேர் இருக்கோம், ஆனா பேசறது உங்க எல்லார்கிட்டயும்தான்'னு சொல்லுவாங்க."

கேலியாகச் சொல்லியிருப்பாள். கோமளாவுக்குக் கேலிப் பேச்சு உண்டு.

கேஸ் புக் செய்தேன்.

நவம்பர் 16, சனி

ஸ்ரீரங்கம் பத்மாசனி. பேங்கில் வேலை. இவருடைய அம்மா ஏழு மாதம் நம் கட்டிலில் இருந்து ஆகஸ்டில் காலமானார். கட்டிலை எடுக்கப் போனபோது பத்மாசனி வாசலிலேயே நின்றது நினைவிருக்கிறது. நான் கட்டிலைக் கழற்றி ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

"கட்டில் எங்க வேணாலும் கிடைக்கும் சார்" என்றார். "நான் ஆபீஸ்லேர்ந்து கோமளாவுக்குத்தான் போன் பண்ணுவேன். அம்மாவுக்கு முதுகுல புண் வந்துடுத்துன்னு பயந்து நடுங்கிண்டு பண்ணினேன் ஒரு நாள். 'நீங்க மத்தியானம் சாப்ட்டேளா'ன்னு கேட்டா. ஏழு மாசத்துல என்னை அப்படிக் கேட்டது அவ ஒருத்திதான்."

எழுதிக்கொண்டேன். நல்ல வரி என்று தோன்றியது. நன்றி சொல்லி வைக்கப் போனேன்.

"அவளுக்கு ரிசல்ட் நல்லபடியா வந்துடுத்துன்னு சொன்னா. அதுக்கப்புறம் வேற தொந்தரவு ஒண்ணும் இல்லையே?"

"ரிசல்ட்டா?"

"அதான், மார்ல கட்டின்னு ஜூலைல டெஸ்ட் பண்ணிண்டாளே. பதினோரு நாள் காத்துண்டிருந்தா பாவம். நாங்க ரெண்டு பேரும் தினமும் பேசிப்போம். அவ என் அம்மாவைக் கேப்பா, நான் அவ ரிசல்ட்டைக் கேப்பேன்."

"இல்ல, ஒண்ணும் இல்ல. நல்லா இருக்கா" என்றேன்.

நவம்பர் 17, ஞாயிறு

பீரோவில் கோமளாவின் புடவைகளுக்கு அடியில் ஃபைல் இருந்தது. ஜூலை 12 தேதியிட்டு ஊசி போட்டு எடுத்த டெஸ்ட். ஜூலை 23இல் ரிசல்ட். புற்று இல்லை என்று இருக்கிறது. நோயாளியுடன் வந்தவர் என்ற இடத்தில் கோடு போட்டிருக்கிறது.

என் டெலிவரி நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஜூலை 12: மணப்பாறை, இரண்டு கட்டில். ஜூலை 23: லால்குடி, ஆக்ஸிஜன் மெஷின். என் கையெழுத்துதான்.

பீரோவில் அவளுடைய நல்ல புடவைகள் இல்லை என்பதையும் பார்த்தேன். அக்கா வீட்டுக்குப் போகும்போது நல்லதாகத்தான் எடுத்துக்கொண்டு போவார்கள்.

நவம்பர் 18, திங்கள்

கடை திறக்கவில்லை. ஜலதோஷம்.

நவம்பர் 20, புதன்

நிலோஃபர் வந்தார். எழுதி வைத்ததை எல்லாம் படித்தார். பத்மாசனியின் வார்த்தைகளை இரண்டு முறை படித்தார்.

"சார், இவங்களே எழுதினா எவ்வளவு நல்லா இருக்கும்! மேடத்தைக் கேளுங்களேன்."

"ஊர்லேர்ந்து வரட்டும்மா."

"எப்ப வர்றாங்க?"

"அக்காவுக்குக் கால் சரியானதும்."

நிலோஃபர் தலையை ஆட்டிவிட்டு நோட்டைத் திருப்பினார். புத்திசாலிப் பெண். பிறகு வாசகத்தை எப்படி அடுக்குவது என்று சொன்னார். முதலில் அவர்களுடைய கவலை. அதற்கு அடுத்து நாம் செய்வது என்ன என்று சின்ன வாக்கியங்களில். போன் நம்பர் மேலேயே, கட்டை விரலுக்கு எட்டும் இடத்தில். "கூப்பிட்டா யார் எடுப்பாங்கன்னு பேரைப் போடுங்க சார். பேரு தெரிஞ்சா பயம் பாதி போயிடும்."

நவம்பர் 24, ஞாயிறு

நாலு நாளாக எழுதி எழுதி அடித்து, கடைசியில் நின்றது இது:

'நாளைக்கு டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டார்களா? வீட்டில் என்ன வைக்க வேண்டும், எப்படிப் பார்த்துக்கொள்வது என்று தெரியவில்லையா? யாருக்குமே முதல் நாள் தெரிவதில்லை. எங்களைக் கூப்பிடுங்கள்.

கட்டில், ஏர் பெட், வீல் சேர், ஆக்ஸிஜன் மெஷின் எதுவானாலும் அன்றைக்கே நாங்கள் கொண்டுவருவோம். இறக்கி வைத்துவிட்டு ஓடிவிட மாட்டோம். நாங்களே மாட்டிக் காட்டுவோம். நோயாளியை எப்படிப் புரட்டுவது, எப்படி உட்கார வைப்பது என்று சொல்லித் தருவோம். பிறகும் தினமும் விசாரிப்போம்.

கூப்பிட்டால் கோமளா பேசுவார். என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். முதலில் நீங்கள் சாப்பிட்டீர்களா என்று அவர் கேட்பார்.'

படித்துப் பார்த்தால் நல்ல கடையாகத் தெரிகிறது. இப்படி ஒரு கடை இருந்தால் நானே போவேன்.

நவம்பர் 27, புதன்

பக்கம் வெளியே வந்துவிட்டது. போனில் பார்த்தேன். நிலோஃபர் பின்னணிக்கு இளநீலம் போட்டிருக்கிறார்.

நவம்பர் 28, வியாழன்

மூன்று போன். மூன்று பேரும் கேட்டது, "கோமளா மேடம் இருக்காங்களா?"

வெளியே போயிருக்கிறார்கள் என்றேன். ஒருவர் மட்டும் கட்டில் எடுத்தார்.

நவம்பர் 29, வெள்ளி

இரண்டு போன். கோவிலுக்குப் போயிருக்கிறார்கள் என்றேன்.

நவம்பர் 30, சனி

ஒரு பெண், அப்பாவுக்குக் கட்டில் கேட்டுப் பேசினாள். "கோமளா அக்கா எப்ப வருவாங்க? அவங்க வந்ததும் நானே பண்றேன்" என்றாள். எத்தனை மணிக்கு என்று கேட்டாள். நாலு மணி என்றேன். நாலு மணிக்குச் சரியாகக் கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை.

நாளை திண்டுக்கல் போகிறேன். பக்கத்தைக் கோமளாவிடம் காட்ட வேண்டும். அதற்காகத்தான்.

டிசம்பர் 1, ஞாயிறு

காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வந்தேன். முழுவதையும் எழுதிவிடுகிறேன், பிறகு மறந்துவிடும்.

புஷ்பகாந்தி அக்காதான் வந்து கேட்டைத் திறந்தார். கையில் குச்சி இல்லை. "வாங்க தம்பி" என்று முன்னால் விறுவிறுவென்று நடந்து போனார். எப்போதிலிருந்து இப்படி நடக்கிறார் என்று நான் கேட்கவில்லை. டீ கொடுத்துவிட்டு, பூப் பறிக்க வேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டார்.

கோமளா கொஞ்சம் இளைத்திருக்கிறாள். முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டிருக்கிறாள். நன்றாக இருந்தது. சொல்லவில்லை. பக்கத்துத் தெருவில் பிசியோதெரபி கிளினிக் ஒன்றில் வரவேற்பில் உட்காருகிறாளாம், ஒன்றரை மாதமாக.

"எங்கிட்ட சொல்லலையே" என்றேன்.

"போன்ல நீங்க கேட்டது ஏர் பெட் மோட்டாரை எங்க வெச்சேன்னுதாங்க. சொன்னேனே, பரண்லன்னு."

போனை எடுத்துப் பக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். பாதியில் உதடு அசைந்தது. முடித்துவிட்டு மறுபடி மேலே தள்ளிப் படித்தாள்.

"இதை நீங்களா எழுதுனீங்க?"

"பத்மாசனி, செல்லக்கிளி எல்லாரும் சொன்னது."

"பத்மாசனி பேசுனாங்களா?" என்று என் முகத்தைப் பார்த்தாள். என்ன தெரிந்துகொண்டேன் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஏன் கோமளா சொல்லல? நான் வந்திருப்பேனே."

"மூணு தடவை ஆரம்பிச்சேங்க. மூணு தடவையும் உங்க போன் அடிச்சுது. எடுத்து அட்ரஸ் கேட்டீங்க. வெச்சதும், என்ன சொல்ல வந்தேன்னு நீங்க கேப்பீங்கன்னு காத்திருந்தேன். சாப்பாட்டைப் போடுன்னீங்க." கண்ணாடியைக் கழற்றினாள். "நாலாவது தடவை சொல்லணும்னு எனக்கே தோணல."

"கோபமா இருக்கியா?"

"இல்லைங்க. கோபமா இருந்திருந்தா எப்பவோ வந்து சண்டை போட்டிருப்பேன்."

மாடியில் அக்கா நடக்கிற சத்தம் கேட்டது.

"வந்துடேன்" என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் ஆர்டர் கேட்கிற குரல் மாதிரி இருந்தது. எனக்கு வேறு குரல் தெரியவில்லை.

அவள் போனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். "இங்க காலையில எழுந்தா அக்காகூடப் பேசறேன். கிளினிக்ல பேசறேன். சாயங்காலம் தொண்டை வலிக்குதுங்க, அவ்வளவு பேசறேன். எனக்கு இது போதும்." பிறகு, "நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா என் பேரை எடுத்துடுங்க. கஷ்டத்துல இருக்கறவங்க. கோமளா பேசுவான்னு நம்பிக் கூப்பிடுவாங்க. நான் பேசப் போறதில்லையே" என்றாள்.

"நாங்கள் நாங்கள்னு வேற இருக்கு" என்றும் சொன்னாள்.

சரி, திருத்திவிடுகிறேன் என்றேன். வேறு என்ன சொல்வது என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். வையம்பட்டி வரைக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நிறையத் தோன்றியது. பக்கத்தில் இருந்தவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாடு அங்கேதான். கத்தரிக்காய்க் குழம்பு.

டிசம்பர் 2, திங்கள்

நிலோஃபரிடம் திருத்தம் இருக்கிறது என்றேன். "சொல்லுங்க சார், மாத்திடலாம்" என்றார்.

நாங்கள் என்பதை நான் ஆக்கினால் போதும் என்று நினைத்தேன். அப்படி விடுகிறதா தமிழ்? ஒவ்வொரு வாக்கியத்தின் வாலையும் பிடித்துத் திருப்ப வேண்டியிருந்தது. கொண்டுவருவோம் என்பதைக் கொண்டுவருவேன் என்று. ஓடிவிட மாட்டோம் என்பதை ஓடிவிட மாட்டேன் என்று. 'தினமும் விசாரிப்போம்' என்ற இடத்தில் வெகுநேரம் நின்றேன். என்னால் முடியுமா? முடியாததைப் போடக் கூடாது. கடைசியில் 'வாரம் இரண்டு முறை நானே கூப்பிட்டு விசாரிப்பேன்' என்று எழுதினேன்.

கோமளா பேசுவார் என்ற வரியை எடுத்துவிட்டு, 'கூப்பிட்டால் தாமோதரன் ஆகிய நான் பேசுவேன். வண்டியில் இருந்தால் ஓரம் கட்டிவிட்டுப் பேசுவேன்' என்று போட்டேன். சாப்பிட்டீர்களா என்று கேட்பதை எடுத்துவிட்டேன். அது அவளுடையது.

நிலோஃபர் மாற்றி முடித்துவிட்டுக் கூப்பிட்டார். ஏன் என்று கேட்கவில்லை. "சார், முன்ன இருந்ததைவிட இது கொஞ்சம் வறண்டு இருக்கு. ஆனா பரவால்ல. இருக்கட்டும்" என்றார். பிறகு, "வாப்பா வாக்கிங் போறப்ப உங்க கடை வழியாத்தான் போவார். உள்ள வந்து பேசிட்டுப் போகச் சொல்லவா?" என்றார்.

வேண்டாம்மா என்றேன். வைத்த பிறகு, சரி என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

டிசம்பர் 3, செவ்வாய்

போன் இல்லை. சனிக்கிழமை பேசிய பெண்ணின் நம்பருக்கு நானே கூப்பிட்டேன். கோமளா இனிக் கடையில் இல்லை, பொய் சொன்னதற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். வேறு இடத்தில் கட்டில் எடுத்துவிட்டாளாம். பரவாயில்லை என்றாள். அவள் அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். சொன்னாள். ஆறு நிமிடம் பேசினோம். மருந்து கொடுக்கும் நேரம் என்று வைத்தாள்.

டிசம்பர் 5, வியாழன்

நம்பர் ஒன் டோல்கேட் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஓரம் கட்டினேன். பகல் பதினொன்று இருக்கும். கரும்பு லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

லால்குடியிலிருந்து சகாயராஜ் என்று ஒருவர். அண்ணனுக்கு முதுகெலும்பில் அடி. சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். கட்டில், ஏர் பெட் இரண்டும் வேண்டும். அளவைச் சொன்னேன். வாசல் அகலம் கேட்டேன். வழக்கமாக இதோடு வைத்துவிடுவேன்.

அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"சார், மாட்டிட்டு உடனே கிளம்பிடுவீங்களா?"

"இல்லங்க. இருந்து சொல்லிக் கொடுத்துட்டுத்தான் போவேன். எவ்வளவு நேரம் ஆனாலும் சரி."

"கட்டிலைத் தூக்கணுமே. உங்ககூட ஆளுங்க வருவாங்களா? இல்ல நீங்க மட்டும்தானா?"

இரண்டு லாரி கடந்து போயின. அவர், "ஹலோ, ஹலோ" என்றார்.

"நான் மட்டும்தாங்க" என்றேன். இதை வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் தடவை. "வேற யாரும் இல்ல."

"பரவால்ல சார்" என்றார் சகாயராஜ். "நானும் ஒத்தை ஆள்தான். வாங்க, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்கலாம்."